கேலுக்கு வேண்டிய பனி, பரங்கிக்கு ஆகாத பனி

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்கே, கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஹேட்லி, ஹாட்ஃபீல்டு, சண்டர்லேண்டு என்று அடுத்தடுத்து விவசாயச் சிற்றூர்கள் இருக்கின்றன. பனியுகத்தின் கடைசியில் பனிப்பாறைகள் உருகியபோது இங்கே ஒரு பெரிய ஏரி தேங்கி நின்றது. ஏரி வடிந்ததும் அடியில் படிந்திருந்த வண்டல் வயலாயிற்று. கல்லுக்குப் பேர்போன நியூ இங்கிலாந்தில் இவ்வளவு மெத்தென்ற மண் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவுக்குள், மேகமும் காற்றும் இல்லாத ஏதாவது ஒரு ராத்திரியில், இந்தப் பள்ளத்தாக்கில் வருஷத்தின் முதல் உறைபனி இறங்கும். குளிர்ந்த காற்று கனமானது. மேட்டிலிருந்து வழிந்து வந்து தாழ்ந்த வயலில் தேங்கிக்கொள்ளும். விடியும்போது புல் வெளுத்திருக்கும்.

அந்த ஒரு ராத்திரிக்கு முன்னால் இங்குள்ள காய்கறிப் பண்ணைகளில் பெரும் பரபரப்பு. பட்டர்நட் பரங்கியையும் சர்க்கரைவள்ளிக்கிழங்கையும் எப்பாடுபட்டாவது உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும். அதே வயலின் மறுபாதியில் கேல் கீரையும் கேரட்டும் பார்ஸ்னிப் கிழங்கும் நிற்கும். அவற்றை யாரும் தொட மாட்டார்கள். பனி படட்டும் என்று வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். ஒரே பனி, ஒரே மண். ஒன்று அழுகுகிறது, இன்னொன்று இனிக்கிறது. இது எப்படி?

கூழும் வடகமும்

நம் வீட்டில் வடகம் இடும் வேலையை நினைத்துக்கொள்ளுங்கள். வெயில் கொளுத்தும் மாதத்தில் அரிசியை அரைத்துக் கூழ் காய்ச்சுகிறோம். கூழ் அன்றைக்குக் குடிக்க நல்லது, ஆனால் வைத்திருக்க முடியாது, மறுநாளே புளித்துவிடும். அதனால் மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்து, கூழைக் கரண்டியால் ஊற்றியோ அச்சில் பிழிந்தோ காயப்போடுகிறோம். சுக்காகக் காய்ந்தது டப்பாவுக்குப் போகிறது, டப்பா பரணுக்குப் போகிறது. வெளியே மழை கொட்டி, கடைக்குப் போக முடியாத நாளில் டப்பாவைத் திறக்கிறோம்.

செடியின் வருஷமும் இப்படித்தான் நடக்கிறது. இலைதான் அடுப்பு, வெயில்தான் விறகு. கரியமில வாயுவையும் தண்ணீரையும் சேர்த்து இலை சர்க்கரை காய்ச்சுகிறது. அதுதான் கூழ். சர்க்கரை தண்ணீரில் கரைந்திருப்பதால் தண்டுக்குள் ஓடும், எங்கே வேண்டுமோ அங்கே போய்ச் சேரும். பெரும்பாலான செடிகளில் இப்படி ஓடுவது நம் டப்பாவில் இருக்கும் அதே கரும்புச் சர்க்கரை, சுக்ரோஸ். ஆப்பிள் குடும்பம் கொஞ்சம் தனி வழி. சார்பிட்டால் என்ற இன்னொரு இனிப்பைத்தான் அது அதிகமாக அனுப்புகிறது.

கரைந்த சர்க்கரையை அப்படியே மூட்டை கட்டி வைப்பதில் ஒரு தொல்லை இருக்கிறது. ஒரு செல்லுக்குள் சர்க்கரை ஏற ஏற, அது வெளியிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் செடி சர்க்கரைகளை ஒன்றோடொன்று கோத்து, கரையாத மணிகளாக ஆக்கி அடுக்கிவிடுகிறது. அதற்குப் பெயர் மாவுச்சத்து. தண்ணீரை இழுக்காது, இடத்தை அடைக்காது, கெடாது. சரியாகச் சொன்னால் அதுதான் செடியின் வடகம். பழம், கிழங்கு, வேர், விதை எல்லாம் அதை அடைத்துவைக்கும் டப்பாக்கள்.

ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும். நம் வடகத்தை மறுபடி கூழாக்க முடியாது, பொரிக்கத்தான் முடியும். செடிக்கோ இரண்டு திசையிலும் வழி உண்டு. கோப்பதற்குச் சில நொதிகள், பிரிப்பதற்கு வேறு சில. எந்த நொதி எப்போது வேலை செய்யும் என்பதைச் சூடு, குளிர், வயது, பக்கத்தில் இருக்கும் பழத்தின் வாசனை எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இலையுதிர்கால விளைச்சலின் ருசி முழுக்க இந்தத் திசை மாற்றத்தில்தான் இருக்கிறது.

கோடையின் கடைசிப் பயிரான இனிப்புச் சோளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது இன்னும் வடகம் இட்டுக்கொண்டிருக்கும் வீடு. கதிரை ஒடித்த பிறகும் மணிக்குள் சர்க்கரையைக் கோத்து மாவுச்சத்தாக்கும் வேலை நிற்பதில்லை. வெயிலில் கிடந்தால் அது இன்னும் வேகமாக நடக்கும். அதனால்தான் பழைய ரகச் சோளத்தை, ஒடித்த அன்றைக்கே வேகவைக்க வேண்டும் என்று இங்கே கிராமத்தார் சொல்வார்கள். ஆகஸ்ட் மாதத்துக் கதிரில் நேரம் போகப் போக இனிப்பு குறைகிறது. அக்டோபர் மாதத்துக் காயில் நேரம் போகப் போக இனிப்பு கூடுகிறது. அதே சர்க்கரையும் மாவும்தான், எதிர்த் திசை.

ஆப்பிளை அறுத்துப் பார்த்தால்

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. மரத்திலிருந்து அப்போதுதான் பறித்த ஆப்பிளைக் குறுக்கே, நடுவில், இரண்டாக அறுங்கள். நடுவே விதையறைகள் ஐந்து இதழ் நட்சத்திரமாகத் தெரியும். வெட்டுமுகத்தில் அயோடின் கரைசலைத் தடவி ஒரு நிமிஷம் பொறுங்கள். மாவுச்சத்து இருக்கும் இடமெல்லாம் கருநீலமாகிவிடும். சர்க்கரையாக மாறிவிட்ட இடம் வெள்ளையாகவே நிற்கும்.

பறிக்கக் கூடாத பிஞ்சாக இருந்தால் முகம் முழுக்கக் கறுக்கும். பழுக்கத் தொடங்கியதில் நட்சத்திரத்தைச் சுற்றி முதலில் ஒரு வெள்ளை வட்டம் விழும். வெளுப்பு நடுவிலிருந்து தோலை நோக்கி நகரும். நன்றாகப் பழுத்ததில் தோலுக்கடியில் மெல்லிய நீலக்கோடு மட்டும் மிஞ்சும், பிறகு அதுவும் போய்விடும். டப்பாவைத் திறந்து வடகத்தை எடுக்கும் வேலை எதுவரை வந்திருக்கிறது என்று படம் போட்டுக் காட்டியதுபோல் இருக்கும். கார்னெல் பல்கலைக்கழகம் இந்தப் படங்களை 1 முதல் 8 வரை எண்ணிட்டு ஓர் அட்டவணையாகவே வெளியிட்டிருக்கிறது. 1 என்றால் முழு மாவு, 8 என்றால் மாவே இல்லை. தோட்டக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் நாள் குறிக்கிறார்கள். மாதக்கணக்கில் கிடங்கில் வைக்கப்போகும் பழத்தைக் கொஞ்சம் மாவு மிஞ்சியிருக்கும்போதே பறிப்பார்கள். அன்றே தின்னப்போகிறவருக்கு இன்னும் சில நாள் மரத்திலேயே விடுவார்கள். (அயோடின் தடவிய துண்டைத் தூக்கி எறிந்துவிடுங்கள், வாயில் போடாதீர்கள்.)

இங்கே செப்டம்பர் நடுவில் மெக்கின்டாஷ் வரும். கனடாவின் ஒன்டாரியோவில் 1811-ல் ஜான் மெக்கின்டாஷ் என்ற விவசாயியின் நிலத்தில் தானாக முளைத்த மரத்தின் வம்சம் அது. அக்டோபர் கடைசியில் நார்தர்ன் ஸ்பை வரும். முன்னது சீக்கிரம் மிருதுவாகிவிடும், பின்னது வசந்தம் வரை தாங்கும். இரண்டையும் 'ஆப்பிள்' என்று ஒரே கூடையில் போட்டு விற்கிற கடை, வாங்குகிறவருக்கு ஒன்றும் சொல்லிக்கொடுப்பதில்லை.

பரங்கியின் நகச் சோதனை

பட்டர்நட் என்று இங்கே விற்கும் மணி வடிவக் காயும், நம் ஊர்ச் சந்தையில் கீற்றுப் போட்டு விற்கும் பரங்கிக்காயும் ஒரே இனம், குகுர்பிட்டா மொஸ்காட்டா. பிறப்பிடம் அமெரிக்காக் கண்டத்தின் வெப்பப் பகுதி. அங்கிருந்து கடல் கடந்து நம் குழம்புக்கு வந்து சேர்ந்தது. பட்டர்நட் வடிவம் மட்டும் இந்த மாசசூசெட்ஸிலேயே, 20-ஆம் நூற்றாண்டின் நடுவில், ஸ்டோ, வால்தம் ஆகிய ஊர்களில் உருவாகி நிலைபெற்றது. இன்றும் விதைப் பொட்டலத்தில் 'வால்தம் பட்டர்நட்' என்றுதான் போட்டிருக்கும். நம்மூர்க்காரர் எவராவது இதை வாங்கிச் சாம்பாரில் போட்டால் ஊர் ஞாபகம் வருவதற்குக் காரணம் ரத்த உறவுதான்.

வெப்ப நாட்டு வம்சம் என்பதால் குளிரைச் சமாளிக்கும் வித்தை இந்தச் செடிக்குத் தெரியாது. பனி பட்டால் கொடி ஒரே இரவில் கறுத்துத் தொங்கிவிடும். இலை என்ற குடை போனதும் அடுத்த இரவின் பனி காயின் தோளிலேயே படியும். தோலுக்கடியில் உள்ள செல்கள் உறைந்து உடையும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது, மூன்றாம் வாரம் அந்த இடம் குழைந்து அழுகும். உறைபனிகூட வேண்டாம், 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நெடுநாள் கிடந்தாலே காய் சீக்கிரம் கெட்டுவிடும். நம் பிரிட்ஜின் உள்ளே 4 டிகிரி. முழுப் பரங்கியை அதில் வைப்பது அதைக் காப்பதாகாது.

காய் முற்றிவிட்டதா என்று பார்க்க விவசாயி கட்டைவிரல் நகத்தால் தோலை அழுத்துவார். நகம் பதிந்தால் இன்னும் நாள் இருக்கிறது. பதியாமல் வழுக்கினால் அறுக்கலாம். பட்டர்நட்டில் காம்புப் பக்கம் இருந்த பச்சைக் கோடுகள் மறைந்து, உடம்பு முழுக்கச் சந்தன நிறமாகியிருக்க வேண்டும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். ஏகார்ன் என்ற கரும்பச்சைப் பரங்கி, உள்ளே வடகம் பாதிகூட நிறையாத நாளிலேயே முழு நிறத்துக்கு வந்துவிடும். நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் வாழ்நாள் முழுக்கப் பரங்கி ஆராய்ந்த ப்ரென்ட் லாய் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்: பிஞ்சு விட்டதிலிருந்து ஏறக்குறைய 55 நாள் கொடியிலேயே இருக்க வேண்டும், நிறத்தைப் பார்த்து அவசரப்படக் கூடாது. சந்தைக்கு முதலில் போக வேண்டும் என்ற ஆசையில் 35, 40 நாளிலேயே அறுக்கிறவர்கள் உண்டு. அந்தக் காய் எத்தனை நாள் வைத்தாலும் இனிக்காது. டப்பாவில் போடாத வடகத்தை எப்படி எடுப்பது?

அறுத்த பட்டர்நட்டை உடனே விற்க மாட்டார்கள். 27 முதல் 29 டிகிரி வெப்பம் உள்ள, காற்றோட்டமான பசுமைக்குடிலில் பத்து நாள் போலப் பரப்பிவைப்பார்கள். காம்பு காய்ந்து தக்கையாக இறுகும். கீறல்கள் மூடிக்கொள்ளும். டப்பாவுக்கு மூடி போடும் நாட்கள் இவை. பிறகு 10 முதல் 13 டிகிரி உள்ள, ஈரம் குறைந்த அறைக்கு மாறும். அங்கேதான் உள்ளே நொதி மெல்ல மெல்ல மாவுச்சத்தைப் பிரித்துச் சர்க்கரையாக்கும். அதற்கு ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஆகும். அக்டோபர் முதல் வாரத்தில் அறுத்த பட்டர்நட் நவம்பர் கடைசியில், இங்கே நன்றி அறிவித்தல் விருந்து நடக்கும் நாளையொட்டித்தான் உச்ச ருசிக்கு வருகிறது.

சர்க்கரைவள்ளிக்கு மூடி இன்னும் முக்கியம். தோண்டும்போது அதன் மெல்லிய தோல் உரிந்துகொண்டே இருக்கும். 29 டிகிரியும் 85 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் உள்ள அறையில் ஒரு வாரம் வைத்தால், உரிந்த இடத்தில் சூபரின் என்ற தக்கைப் பொருள் படிந்து புதுத் தோல் கட்டும். அது கட்டாத கிழங்கு சுருங்கி அழுகும்.

ஆனால் சர்க்கரைவள்ளியில் பெரும் திறப்பு கிடங்கில் நடப்பதில்லை, நம் அடுப்பில்தான் நடக்கிறது. பச்சைக் கிழங்கைக் கடித்தால் மாவுதான் தெரியும். சூடு ஏற ஏற, ஏறக்குறைய 60 முதல் 75 டிகிரிக்குள், மாவுமணிகள் தண்ணீர் குடித்து உப்பித் தளரும். பீட்டா அமைலேஸ் என்ற நொதி அந்த நேரத்தில் அவற்றை வெட்டி மால்டோஸ் என்ற சர்க்கரையாக்கும். சூடு இன்னும் ஏறினால் நொதியே வெந்து செயலிழந்துவிடும். ஆகவே அந்த இடைவெளியில் கிழங்கு எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவு இனிப்பு. கொதிநீரில் துண்டு போட்டு அவசரமாக வேகவைத்ததைவிட, தணலில் புதைத்துச் சுட்டது ஏன் தேனாக இருக்கிறது என்பதற்கு இதுதான் காரணம். மைக்ரோவேவில் ஐந்து நிமிஷத்தில் முடித்தால் அந்த நேரத்தை நாமே பறித்துக்கொள்கிறோம்.

பனியில் நிற்கிற கீரை

இப்போது வயலின் மறுபாதி. கேல், முட்டைக்கோஸ், ப்ரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட், கேரட், பார்ஸ்னிப் எல்லாம் குளிர் நாட்டு வம்சம். குளிர்காலத்தைத் தாண்டி அடுத்த வருஷம் பூப்பதே இவற்றின் வாழ்க்கைத் திட்டம். அதற்கு உயிரோடு இருக்க வேண்டும். உயிரோடு இருக்க, செல்லுக்குள் பனிக்கட்டி உருவாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரவுகள் குளிரத் தொடங்கியதுமே, உறைபனிக்குப் பல நாள் முன்பே, கேல் தயாராகிறது. குளிரில் அதன் வளர்ச்சி நின்றுபோகிறது. ஆனால் பகல் வெயில் இருக்கிறது, அடுப்பு எரிகிறது, கூழ் கொதித்துக்கொண்டே இருக்கிறது. புது இலை விட, தண்டு நீள என்று செலவழிக்க ஆள் இல்லை. இருந்த கொஞ்சநஞ்ச மாவுச்சத்தையும் அது பிரித்துக் கரைக்கிறது. ஆக இலையில் சர்க்கரை ஏறுகிறது. சர்க்கரை கரைந்த நீர் பச்சைத் தண்ணீரைவிடத் தாமதமாகத்தான் உறையும். அந்த லாபம் சிறிதுதான், ஒன்றிரண்டு டிகிரிக்குள். சர்க்கரையின் பெரிய உதவி வேறு. பனிக்கட்டி முதலில் செல்களுக்கு வெளியே இருக்கும் நீரில்தான் உருவாகும். அது செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே உறிஞ்சும். அப்படி வற்றும்போது செல்சவ்வு கிழிந்துவிடாமல் சர்க்கரை தாங்கிப் பிடிக்கிறது. செடி தன் உயிருக்காகச் செய்யும் ஏற்பாட்டைத்தான் நாம் ருசி என்று தின்கிறோம்.

உறைபனி விழுந்த காலையில் கேல் இலை கண்ணாடிபோல் விறைத்து நிற்கும். அப்போது தொட்டு ஒடித்தால் அந்த இடம் கரும்பச்சையாகி அழுகும். வெயில் ஏறி, இலை உருகித் தொய்ந்து, மறுபடி நிமிரும்வரை பறிக்கிறவர்கள் கொட்டகையில் காத்திருப்பார்கள். ஜூலையில் பறித்த கேலையும் நவம்பரில் பறித்ததையும் அடுத்தடுத்து வாயில் போட்டுப் பார்த்தவருக்கு இரண்டும் ஒரே கீரை என்று நம்ப முடியாது. முதலாவதில் கசப்பும் நாரும் முன்னே நிற்கும். இரண்டாவதைத் தேங்காய்ப்பூ போட்டுப் பொரியல் செய்தால், உப்பைத் தவிர வேறெதுவும் கேட்காது.

பார்ஸ்னிப் வெள்ளைக் கேரட் போன்ற கிழங்கு. அது முறையாக வடகம் இடுகிற செடி. அக்டோபரில் வேர் நிறைய மாவு, சில வாரக் குளிர் கிடைத்ததும் சர்க்கரை. பனிக்கு முன் தோண்டிய பார்ஸ்னிப்பை வாங்குவதில் பொருளே இல்லை. சிலர் குளிர்காலம் முழுக்க மண்ணிலேயே விட்டு, மார்ச்சில் தரை இளகியதும் தோண்டுவார்கள்.

கேரட் கொஞ்சம் விதிவிலக்கு. அது பெரும்பாலும் வடகமே இடாது, கூழாகவே அடைத்துவைக்கும். அதன் ருசியில் இனிப்போடு டெர்பீன் என்ற காரசாரமான எண்ணெய்களும் போட்டி போடுகின்றன. வெயில் காலத்தில் வளர்ந்த கேரட்டில் அந்த எண்ணெய் வாசம் தூக்கலாக இருக்கும். குளிரில் முதிர்ந்ததில் அது அடங்கி இனிப்பு மேலே வரும். மெய்ன் மாநிலத்தின் கடற்கரையில், ஹார்பர்சைடு என்ற ஊரில் ஃபோர் சீசன் பண்ணை நடத்தும் எலியட் கோல்மன் இந்தக் கேரட்டுக்கு 'மிட்டாய்க் கேரட்' என்றே பெயரிட்டு விற்றார். கோடையின் கடைசியில் விதைத்து, குளிர்காலத்தில் தோண்டுவார். பகல் பத்து மணி நேரத்துக்குக் கீழே போய்விட்டால் பயிர் ஏறக்குறைய வளராது என்பதையும் அவர் விவசாயிகளுக்குப் புரியவைத்தார். அவருடைய ஊரில் அது நவம்பர் முதல் வாரத்திலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை. அதற்குள் பயிர் வளர்ந்து முடித்திருந்தால் போதும். பிறகு அந்த வயல் உயிருள்ள கிடங்குதான்.

உருளைக்கிழங்கிலும் இதே திறப்பு நடக்கும், ஆனால் அங்கே நமக்கு அது வேண்டாம். 4 டிகிரியில் வைத்தால் மாவு சர்க்கரையாகும். அந்தக் கிழங்கை வறுத்தால் வேகும் முன்னே கறுக்கும். வறுவலுக்கு வாங்கிய உருளையைப் பிரிட்ஜில் வைக்காதீர்கள் என்பதற்குக் காரணம் இதுதான்.

பரணில் நடக்கும் தின்பண்டத் திருட்டு

பறித்த காய் உயிரோடுதான் இருக்கிறது. அது மூச்சு விடுகிறது. மூச்சுக்குச் சர்க்கரை செலவாகிறது. பாதி காய்ந்த வடகத்தைப் பிள்ளைகள் போகும்போதும் வரும்போதும் எடுத்து வாயில் போட்டுக்கொள்வதுபோல் டப்பா தினமும் கொஞ்சம் குறைகிறது. பத்து டிகிரி சூடு ஏறினால் இந்தச் செலவு இரண்டு, மூன்று மடங்காகும். அதனால் குளிர் தாங்குகிறதை 0 டிகிரிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும், தாங்காததை அது தாங்கும் எல்லையில். நல்ல பண்ணையில் ஒரு கிடங்கு போதாது. கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸுக்குக் குளிரும் ஈரமும். வெங்காயம், பூண்டுக்குக் குளிரும் வறட்சியும். பரங்கிக்கும் சர்க்கரைவள்ளிக்கும் மிதமான சூடு. சரியான அறையில் கேரட் அரை வருஷத்துக்கு மேல் நொறுங்க நொறுங்க இருக்கும்.

ஆப்பிளுக்குத் தனி அறை வேண்டும். பழுக்கிற ஆப்பிள் எத்திலீன் என்ற வாயுவை விடுகிறது. ஒரு வீட்டில் வடகம் பொரிக்கிற வாசனை எழுந்தால் தெருவே அடுப்பைப் பற்றவைக்கும் இல்லையா, அதுபோல ஒரு பழம் விட்ட எத்திலீன் பக்கத்துப் பழத்தைப் பழுக்கவைக்கும், அதுவும் எத்திலீன் விடும். 1901-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் திமித்ரி நெல்யுபோவ் என்ற மாணவர், ஆய்வகத்தில் பட்டாணி முளைகள் கோணலாக வளர்வதைப் பார்த்து, விளக்கெரிக்கும் வாயுவில் இருந்த எத்திலீன்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். பழமே அந்த வாயுவை உண்டாக்குகிறது என்பதை ஆப்பிளை வைத்து 1934-ல் நிரூபித்தவர் இங்கிலாந்தின் ரிச்சர்டு கேன். அந்த வாயு பட்டால் கேல் மஞ்சளாகும். கேரட் தற்காப்புக்காக ஒரு கசப்புப் பொருளை உண்டாக்கும். கேரட் கசக்கிறது என்று விவசாயியைக் குறை சொல்லும் முன், அதே தட்டில் ஆப்பிள் இருந்ததா என்று பாருங்கள்.

ஆர்கானிக் எங்கே வருகிறது?

இந்த இனிப்பெல்லாம் ஆர்கானிக், அதாவது இயற்கை விவசாயத்தால் வருவதா? நேர்மையாகச் சொல்ல வேண்டியது: பனி அந்தச் சான்றிதழைப் பார்த்து விழுவதில்லை. பக்கத்து வயலில் ரசாயன உரம் போட்டு வளர்த்த கேலும் பனி பட்டால் இனிக்கும். இனிப்பு ஆர்கானிக் முத்திரையால் வருவதன்று.

ஆனால் ஆர்கானிக் பண்ணைக்குக் குறுக்குவழிகள் அடைபட்டிருக்கின்றன. அமெரிக்காவில் 1990-ல் ஆர்கானிக் சட்டம் வந்தது, 2002 அக்டோபரில் விதிகள் முழுதாக நடைமுறைக்கு வந்தன. தடைசெய்யப்பட்ட பொருள் எதுவும் படாமல் மூன்று வருஷம் போனால்தான் நிலத்துக்குச் சான்றிதழ். உருளை முளைக்காமல் தடுக்கத் தெளிக்கும் குளோர்புரோஃபாம் அங்கே கூடாது. ஆப்பிளின் எத்திலீன் உணர்வை மரத்துப்போகச் செய்யும் 1-எம்.சி.பி. வாயுவும் கூடாது. அப்போது கையில் மிஞ்சுவது ரகத் தேர்வு, பறிக்கும் நாள், மூடி கட்டும் பக்குவம், அறையின் குளிர். இந்த நாலும் தெரியாமல் ஆர்கானிக் விவசாயி நவம்பரைத் தாண்ட முடியாது. நான் அவர்களிடம் மதிப்பது இந்தப் படிப்பைத்தான்.

மண்ணும் சேர்ந்துகொள்கிறது. செப்டம்பரில் காலியான பாத்திகளில் ரை என்ற தானியப் புல்லும் ஹேரி வெட்ச் என்ற பயறுவகைக் கொடியும் விதைக்கிறார்கள். முந்தையது மிஞ்சிய தழைச்சத்தைப் பிடித்துவைக்கும், பிந்தையது காற்றிலிருந்து புதிதாகச் சேர்க்கும். மட்கு உரத்திலிருந்து தழைச்சத்தை விடுவிப்பவை நுண்ணுயிர்கள். மண் குளிர்ந்ததும் அவையும் மெதுவாகிவிடும். பயிர் வளர்ச்சியை நிறுத்திச் சேமிக்க வேண்டிய நேரத்தில் தீனியும் தானாகக் குறைகிறது.

ஆப்பிளில் மட்டும் நான் முத்திரையை வற்புறுத்த மாட்டேன். மழையும் ஈரமும் உள்ள இந்தப் பகுதியில் ஸ்காப் என்ற பூஞ்சையும் காய்த்துளை வண்டும் ஓயாமல் வரும். ஆர்கானிக் ஆப்பிள் வளர்ப்பது இங்கே மிகக் கடினம். நாட்டின் ஆர்கானிக் ஆப்பிளில் பெரும்பகுதி வறண்ட வாஷிங்டன் மாநிலத்திலிருந்து வருவது அதனால்தான். நோய் தாங்கும் லிபர்ட்டி போன்ற ரகத்தை நட்டும், களிமண் கரைசல் தெளித்தும் சிலர் செய்து காட்டுகிறார்கள். மற்றவர்கள் குறைவாக, தேவை பார்த்து மருந்தடிக்கிறார்கள். அவர்களையும் ஒதுக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே, காத்திருக்க ஒரு விவசாயிக்குப் பணம் வேண்டும். கேலைப் பனிவரை விட, பரங்கியை 55 நாள் கொடியில் விட, பிறகு மாதக்கணக்கில் அறையில் வைக்க, அத்தனை நாளும் கூலியும் கடன் தவணையும் யார் கொடுப்பது? 1986-ல் இதே மாசசூசெட்ஸின் சவுத் எக்ரிமான்டில் இண்டியன் லைன் பண்ணையிலும், நியூ ஹாம்ப்ஷயரின் டெம்பிள்-வில்டன் சமூகப் பண்ணையிலும் இதற்கு ஒரு விடை தொடங்கியது. விதைக்கும் முன்பே குடும்பங்கள் பங்குப் பணம் கட்டிவிடும். விளைகிறது வாரந்தோறும் பங்காக வரும். ராபின் வான் என் என்ற பெண்மணி அதைப் பற்றி எழுதியும் ஊர் ஊராகப் பேசியும் பரப்பினார். இன்று நாடெங்கும் இப்படிப் பண்ணைகள் உண்டு. விளைச்சல் குறைந்தால் பங்கும் குறையும், அதை எல்லாரும் ஏற்றுக்கொண்டே கையெழுத்துப் போடுகிறார்கள். அவசரப்பட்டு அறுக்காத காயின் ருசி அந்த முன்பணத்திலிருந்தே தொடங்குகிறது.

இலையுதிர்காலத்தில் இந்தப் பக்கம் இருப்பவர்கள் பண்ணைக் கடைக்குப் போனால் மூன்று கேள்வி கேளுங்கள். கேல் பனி பட்டதா? பட்டர்நட்டை அறுத்து எத்தனை வாரம் ஆயிற்று, பக்குவப்படுத்தினீர்களா? இந்த ஆப்பிள் இன்று தின்பதற்கா, வைத்துத் தின்பதற்கா? பதில் தெரிந்தவரிடம் வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் முழுப் பரங்கியையும் சர்க்கரைவள்ளியையும் வெளியே, அடுப்பின் சூடு படாத மூலையில் வையுங்கள். கேரட்டின் தழையைக் கிள்ளிவிட்டு, ஈரம் போகாத பையில் கட்டிப் பிரிட்ஜில் வையுங்கள். ஆப்பிளை அதற்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.